கேட்டலிஸ்ட் டீஆக்டிவேஷன் மாடல்: இந்தத் தப்பைப் பண்ணாதீங்க

டிகிரியைக் கெல்வினா மாத்தாம விடறது மாதிரி தப்பெல்லாம் சொல்லப் போறதில்ல, அதை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. கேட்டலிஸ்ட்டோட ஆக்டிவிட்டி நாளாக நாளாக எப்படிக் குறையுதுன்னு கணக்குப் போடற இந்த மாடலிங்குக்குப் புதுசா வர்றவங்க வரிசையா போய் விழற இடம் வேற.

பிளான்ட் டேட்டாவை அப்படியே ஃபிட் பண்றது

டீசல்ல இருக்கற சல்ஃபரை ஹைட்ரஜன் வெச்சு எடுக்கற யூனிட், டீசல் ஹைட்ரோட்ரீட்டரை எடுத்துக்கங்க. ப்ராடக்ட் சல்ஃபர் 10 பிபிஎம் தாண்டக்கூடாதுன்னு வெச்சுக்கங்க, கேட்டலிஸ்ட் சோரச் சோர ஆபரேட்டர் டெம்பரேச்சரை ஏத்திக்கிட்டே வருவாரு, அதனால கன்வர்ஷன் (எவ்வளவு சல்ஃபர் போகுதுங்கற) கோடு மாசக்கணக்கா நேரா நிக்கும். அதைப் பார்த்துட்டு "டீஆக்டிவேஷனே இல்ல சார்"னு ஒரு பையன் ரிப்போர்ட்டே எழுதிக் கொண்டுவந்தான், அதே ஷீட்ல பக்கத்து காலம்ல டெம்பரேச்சர் 340ல இருந்து 380 டிகிரிக்குப் போயிருக்கு!

இதாவது சொன்னா புரிஞ்சிடும். எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது அடுத்த வேலை: டெம்பரேச்சர் ஏறினா ரியாக்ஷன் எவ்வளவு வேகமாகும்னு சொல்ற ஆக்டிவேஷன் எனர்ஜியையும், ஆக்டிவிட்டி குறையற வேகத்தைச் சொல்ற டீஆக்டிவேஷன் கான்ஸ்டன்ட்டையும் இதே டேட்டால ஒரே ரெக்ரஷன்ல எடுக்கறது. ஆக்டிவிட்டி எவ்வளவு குறைஞ்சுதோ அதுக்கு ஈடாத்தான் டெம்பரேச்சர் ஏறியிருக்கு, ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க அந்த டேட்டால வழியே இல்ல, எந்த எனர்ஜி போட்டாலும் அதுக்கேத்த கர்வ் ஒண்ணு வந்து ஒட்டிக்கும். அதே 340, 380க்கு கணக்குப் போட்டுப் பாருங்க. மோலுக்கு 60 கிலோஜூல்னா ஆக்டிவிட்டி பாதி மிச்சம், 100னா 30 சதவீதம், 140னா வெறும் 19. மூணுக்கும் ஃபிட் அம்சமா இருக்கும், உள்ள போற ஃபீட் அளவு (த்ரூபுட்) ஏறற அன்னிக்குத்தான் வண்டவாளம் தெரியும். இப்படி ஒரு மாடலை நம்பி ஷட்டவுன் தேதி குறிச்ச யூனிட் ஒண்ணு, தேதிக்கு முன்னாடியே டெம்பரேச்சர் லிமிட்டை முட்டி நின்னதைப் பார்த்திருக்கேன்.

எனர்ஜியைத் தனியா எடுங்க. சின்ன சோதனை யூனிட்டான பைலட் பிளான்ட்ல, கேட்டலிஸ்ட் செட்டில் ஆனப்புறம், ஆக்டிவிட்டி மாறாத அளவு குறுகின நேரத்துல டெம்பரேச்சரை மாத்திப் பார்த்து எடுத்து, அதை ஃபிக்ஸ் பண்ணிடுங்க. அப்புறம் ஃபீட் சல்ஃபர், ஃப்ளோ, ஹைட்ரஜன் பார்ஷியல் பிரஷர் எல்லாத்தையும் ஒரே பேஸுக்குக் கொண்டுவந்து, இன்னிக்கு எத்தனை டிகிரி தேவைப்பட்டிருக்கும்னு நாளுக்கு நாள் போடுங்க. டீஆக்டிவேஷனை அந்தக் கோட்டுல ஃபிட் பண்ணுங்க.

நடுப்பகுதியை நீட்டறது

ரெசிடியூ (க்ரூடை வடிச்சப்புறம் மிஞ்சற கனமான எண்ணெய்) ஹைட்ரோட்ரீட்டிங்ல முதல்ல கோக், அதாவது கார்பன் படிவு, படிஞ்சு ஆக்டிவிட்டி சட்டுனு விழும், அப்புறம் மெட்டல் சேரச் சேர மெதுவா, கடைசியில கேட்டலிஸ்ட்டோட நுண்துளைங்க (போர்) அடைச்சு மறுபடி வேகமா. நடுவுல இருக்கற நேர்கோட்டை மட்டும் நீட்டினா சைக்கிள் லெங்த் (அடுத்த ஷட்டவுன் வரைக்கும் ஓடற காலம்) கூடுதலாத்தான் காட்டும்.

வூர்ஹீஸை ஆக்டிவிட்டிக்குப் போடறது

1945ல வூர்ஹீஸ் (Voorhies) கொடுத்த ஈக்வேஷன், நேரம் போகப் போக கோக் எவ்வளவு படியுதுங்கறதுக்கு. ஆக்டிவிட்டிக்கு இன்னொரு ஈக்வேஷன் வேணும்.

கோக்கும் மெட்டலும் ஒரே டெர்ம்

கோக் எரிச்சா போயிடும், நிக்கலும் வனேடியமும் போகாது, அதனால ரெண்டையும் மாடல்ல ஒரே டெர்ம்ல அடைக்காதீங்க.