மட்டக்குதிரைக் குட்டிக்கு முதல் கடிவாளம்

வன்னியில் மாடு பழக்கத் தெரியாத வீடு குறைவு. நாம்பனுக்கு மூக்குக் குத்தி, நாணயக் கயிறு போட்டு, நுகம் வைத்து, வண்டியில் பூட்டுகிற வரைக்கும் அப்புமார் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அது நல்ல கை. ஆனால் அந்தக் கையை அப்படியே ஒரு மட்டக்குதிரைக் குட்டியின் வாய்க்குக் கொண்டு போகாதீர்கள். நாணயக் கயிற்றை மாடு விரும்ப வேண்டியதில்லை, மூக்கில் கயிறு இருக்கும்வரை அது சொன்னபடி கேட்கும். கடிவாளம் வேறு கதை. வாய்க்குள் போகிற கம்பியைக் குதிரை தானாக நாக்கின் மேல் வைத்து அமைதியாகச் சுமந்தால்தான் உங்கள் கை சொல்வது அதற்குப் புரியும். பயந்து சுமக்கிற குதிரை வாயைப் பிளக்கும், தலையை எறியும், நாக்கைக் கம்பிக்கு மேலே எடுத்துப் போடும், பிறகு வருடக்கணக்காக அதையே செய்யும்.

குதிரை வன்னியில் எங்கே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த மட்டக்குதிரைகள் இன்றைக்கும் வெளியில் திரிகின்றன, அவை அங்கேயே இருக்கட்டும், பிடித்து வந்து பழக்கும் எண்ணம் வேண்டாம். நான் சொல்வது பிள்ளைகள் ஏறவோ சின்ன வண்டி இழுக்கவோ என்று வாங்கி, வளவுக்குள் வளர்க்கிற குட்டிகளைப் பற்றி.

முதலில் வாயைப் பாருங்கள். முன்னால் வெட்டுப் பற்கள், உள்ளே கடைவாய்ப் பற்கள், இரண்டுக்கும் நடுவில் பல்லே இல்லாத வெறும் முரசு. கம்பி உட்காருகிற இடம் அதுதான். சில குட்டிகளுக்கு மேல் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால், பட்டாணியளவில் ஒரு சின்னப் பல் இருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள், பெரும்பாலும் ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடும். கம்பி அதில் இடித்தால் குட்டிக்கு உயிர் போகிற நோவு, நீங்களோ அடங்காத குட்டி என்று நினைப்பீர்கள். மிருக வைத்தியரிடம் காட்டி, தேவையென்றால் கழற்றுவித்து, புண் ஆறின பிறகே கடிவாளத்தைக் கையில் எடுங்கள். எங்கள் பக்கத்து வைத்தியர்கள் கூடுதலாக மாடும் ஆடும் பார்ப்பவர்கள் என்பதால், குதிரை வாய் பார்த்துப் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. இன்னொன்று, குதிரைக்கு இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை பாற்பற்கள் விழுந்து புதுப் பற்கள் வரும். நீங்கள் கடிவாளம் பழக்கப் போகிற வயதும் ஏறக்குறைய அதுதான். புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புகிறதா, முரசு வீங்கியிருக்கிறதா, தண்ணீர் குடிக்கத் தயங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இரண்டு கிழமை விட்டுவிடுங்கள். ஒன்றும் குடி முழுகிப் போகாது.

கம்பிக்கு முன்னால் விரல். இதற்கு ஒரு கிழமை கொடுங்கள், குறைக்காதீர்கள். தலைக்கயிற்றோடு குட்டி நிற்கவும் நடக்கவும், காதைத் தொட விடவும், தலையைக் கொஞ்சம் தாழ்த்தவும் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். அதன் இடது தோளோடு நின்று, சொண்டைத் தடவி, பெருவிரலைச் சொண்டின் மூலையால் அந்தப் பல்லில்லாத முரசில் வையுங்கள். அங்கே கடிக்கப் பல் இல்லை, பயப்படத் தேவையில்லை. அழுத்த வேண்டாம், விரல் சும்மா இருந்தாலே போதும். முதலில் தலையைத் தூக்கும், பிறகு நாக்கு வந்து உங்கள் விரலைத் தேடும். ஈரமாய், சொரசொரப்பாய் ஒரு தரம் துழாவிவிட்டு வாய் தானாகத் திறக்கும். திறந்த அந்தக் கணத்தில் விரலை எடுத்துவிடுங்கள். இதுதான் முழு வேலையின் சாவி: வாயைத் திறந்தால் தொந்தரவு போய்விடுகிறது என்று குட்டி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் போதும். விரலில் ஒரு துளி தேன் இருந்தால் இன்னும் நல்லது, வன்னியில் காட்டுத் தேனுக்கு என்ன குறை, இல்லையென்றால் கரைத்த பனங்கட்டி.

சரி, இப்போது கம்பி. சுத்தமான ஒரு பருத்திக் கயிற்றை வாய்க்கு ஊடாக வைத்து இரண்டு மூலையிலும் அடையாளம் போட்டு அளவெடுங்கள், பக்கத்துக்கு அரைச் சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். மட்டக்குதிரைகளுக்குப் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஐந்து அங்குலத்துக்குள் வரும். தடிப்பான கம்பிதான் மெத்தென்று இருக்கும் என்று பலரும் சொல்வார்கள், பாதிதான் சரி. மெல்லிய கம்பி வெட்டும், அது உண்மை, ஆனால் மட்டக்குதிரைக்கு வாய் சின்னது, நாக்கு தசைப்பிடிப்பானது, மிகத் தடிப்பாகப் போட்டால் வாய் மூடவே இடமில்லாமல் போய்விடும். 14 மில்லிமீற்றர் அளவில் தொடங்குங்கள். நடுவில் ஒரு மூட்டு உள்ளதோ லேசாக வளைந்த ஒற்றைக் கம்பியோ எதுவானாலும் பரவாயில்லை, முள் வைத்ததும் முறுக்கின கம்பியும் மட்டும் வேண்டவே வேண்டாம். வெல்டிங் கடையில் அடித்துத் தரச் சொல்வதும் வேண்டாம். பழைய கம்பி கிடைத்தால் பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்துப் பாருங்கள், எங்காவது ஒரு நூல் கொழுவினாலும் அந்த இடம் நாக்கைக் கிழிக்கும்.

குளிர் நாட்டுக்காரர் எழுதுவதை வாசித்தால் கம்பியைக் கையில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். இங்கே தலைகீழ். ஓர் ஆவணி மாதம், காலை பத்து மணி, கடிவாளத்தை வேலிக் கட்டையில் தொங்கவிட்டுவிட்டுக் குட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று அடித்ததால் வெயில் தெரியவில்லை. அரை மணித்தியாலம் இருக்கும். கம்பி நாக்கில் பட்டதும் குட்டி பின்னங்காலில் எழுந்து, கயிறு என் கையை உரித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று கிழமை அந்தக் குட்டி கடிவாளத்தின் கிலுக்குச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கியது, நான் திரும்பவும் விரலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அது செய்த பிழை ஒன்றுமில்லை. அன்றிலிருந்து கம்பி எப்போதும் தண்ணீர் வாளிக்குள் கிடக்கும், போடும் முன் என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நேரமும் மாற்றிவிட்டேன், விடிய ஆறரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துவிடுவேன். இலையான் மொய்க்கும் முன் முடிப்பதில் இன்னொரு நன்மை, தலை ஆட்டுவது இலையானுக்கா கம்பிக்கா என்று குழம்பத் தேவையில்லை.

போடும்போது கையில் பிடித்து ஓட்டுகிற வார் கொழுவ வேண்டாம், மூக்குப் பட்டியும் வேண்டாம், வெறும் தலைப்பட்டியும் கம்பியும் மட்டும். தலைக்கயிறு உள்ளே இருக்கட்டும், பிடிக்க வேண்டியிருந்தால் அதில்தான் பிடிக்க வேண்டும். இடது பக்கம் நின்று, வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதுகளுக்கு முன்னால் தலைப்பட்டியைப் பிடியுங்கள். இடது உள்ளங்கையில் கம்பி, பெருவிரல் பழகின இடத்துக்குப் போகட்டும். வாய் திறக்கும்வரை கம்பி சொண்டோடு சும்மா நிற்கட்டும், பல்லில் தட்டித் திறப்பிக்காதீர்கள். திறந்ததும் இடது கையால் தள்ளாமல் வலது கையை உயர்த்துங்கள், கம்பி தானாக வழுக்கி உள்ளே போகும். பிறகு காதுகளை ஒவ்வொன்றாக, முன்னுக்கு மடித்து மெதுவாக. தலையைத் தூக்கினால் நீங்களும் எட்டிப் பிடித்துத் தொங்காதீர்கள், கையைத் தாழ்த்திக் காத்திருங்கள், கழுத்து இறங்கும்.

வாய் மூலையில் ஒரு மடிப்பு விழுகிற உயரம் சரியான உயரம். தொய்ந்து கிடந்தால் நாக்கை மேலே எடுத்துப் போடப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு, ஆகவே முதல் நாட்களில் அரைத் துளை உயரமாக இருந்தாலும் பரவாயில்லை. குட்டி சப்பும், நுரை தள்ளும், தலையைச் சாய்க்கும், எல்லாம் சரிதான். ஒரு பிடி புல் கொடுங்கள், மென்று விழுங்கப் பார்க்கையில் நாக்குக்கு இடம் பிடிபடும். முதல் நாள் ஐந்து நிமிடம், ஒரு கிழமை போனால் கால் மணித்தியாலம். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் நில்லுங்கள், தேத்தண்ணி குடிக்கப் போய்விடாதீர்கள், கம்பி ஒரு கொக்கியிலோ கம்பிவேலியிலோ மாட்டினால் தாடையே உடையலாம். கடிவாளத்தில் கட்டிப்போடுவதும் அதே காரணத்துக்காக ஒருபோதும் கூடாது. மாட்டை நாணயக் கயிற்றில் கட்டுகிற பழக்கத்தில் எங்கள் ஆட்கள் இதை யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள், பார்க்கவே நெஞ்சு பதறும்.

கழற்றுவதை ஏனோ எல்லாரும் அவசரமாகச் செய்கிறார்கள். தலைப்பட்டியைக் காதுக்கு மேலால் எடுத்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கம்பியைக் குட்டியே நாக்கால் தள்ளி விடவேண்டும். இழுத்தால் கீழ் முன்பற்களில் அடிக்கும், நாளைக்குக் கடிவாளத்தைக் கண்டதும் ஓடும். பிறகு கம்பியை நல்ல தண்ணீரில் கழுவி வாளிக்குள் போடுங்கள், காய்ந்த எச்சில் மேல் அடுத்த நாள் தேன் பூசுவது சரியில்லை.

குட்டி கம்பியைக் கண்டதும் தானாக வாய் திறக்கிறது, போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் சப்புவதை நிறுத்திக் காதை உங்கள் பக்கம் திருப்புகிறது என்றால் வார் கொழுவலாம். ஏற வேண்டாம், தோளோடு நின்று ஒரு பக்க வாரை மட்டும், நூல் இழுப்பதுபோல் மெல்ல எடுத்துப் பிடியுங்கள். கூட்டி இழுக்க வேண்டாம், பிடித்தபடியே இருங்கள். மூக்கு ஓர் அங்குலம் உங்கள் பக்கம் வந்ததும் வாரை முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு மற்றப் பக்கம். பக்கத்துக்கு மூன்று தரம், அன்றைக்கு அவ்வளவுதான், கழற்றிக் குட்டியைப் புல்லுக்கு விடுங்கள்.