கல்யாண விருந்துக்குப் போட்ட பீச் ஒயின் தெளிந்த விதம்

ஒன்டாரியோவில் தங்கை கல்யாணத்துக்காக வீட்டில் போட்ட 23 லிட்டர் பீச் ஒயின் தெளியவே இல்லை. ஒயினின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 0.996-இலேயே நின்றது, நொதித்தல் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் நீர்மோர் மாதிரிக் கலங்கல். குளிரில் வைத்தும் பலனில்லை. ஃபில்டர் உடனே அடைத்துக்கொண்டது. பென்டோனைட் என்ற களிமண் தூளைப் போட்டதில் அடியில் வண்டல் சேர்ந்தது, மேலே கலங்கல் அப்படியே இருந்தது.

விடை கிடைத்தது ஒரு சின்ன சோதனையில். 1 பங்கு ஒயினில் 4 பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்கக் கூடாத எரிசாராயம்) ஊற்றிக் கலக்கினால், சற்று நேரத்தில் வெள்ளை நூல் நூலாகத் திரளும். அது பெக்டின், ஜாமைக் கெட்டியாக்கும் பழப் பொருள்; கலங்கலுக்குக் காரணம் அதுதான். (அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், விஷம்.) பழத்தின் மேல் கொதிநீர் ஊற்றினால் பெக்டின் நிறைய இறங்கும்.

மருந்து, பெக்டினைச் சிதைக்கும் பெக்டிக் என்சைம். ஆல்கஹாலில் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு, ஆறிய நீரில் கரைத்து. அறை வெப்பம் 22 டிகிரி. பலரும் கவனிக்காத இடம் இதுதான்: என்சைம் ஒரு புரதம், பென்டோனைட் புரதத்தைப் பிடித்து அடியில் இறக்கிவிடும். அதனால் முதலில் வண்டலை விட்டு ஒயினை வேறு ஜாடிக்கு மாற்றி, பிறகே என்சைம் சேர்த்தேன். கழுத்துப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து வந்தது. அப்பாடா! 750 மில்லி பாட்டில்களில் அடைத்தாயிற்று.