போர்வெல் தண்ணீரில் ஷேவிங் நுரை: பிரஷும் பிளேடுமாகத் தொடங்குபவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்பு வரை, ஆபீஸ் வண்டி கீழே வந்து ஹாரன் அடிக்கும்போது கன்னத்தில் ஜெல்லைத் தடவி நாலு இழு இழுத்துவிட்டு ஓடுவதுதான் எனக்கு ஷேவிங். இப்போது காலை ஆறேகாலுக்கு, வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன், இருபது நிமிடம் எனக்கே எனக்கு. டபுள் எட்ஜ் ரேசர், பிரஷ், சோப்பு. நம் அப்பாக்கள் செய்த அதே முறைதான். நடுவில் ஒரு மாதம் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பரண்மேல் போட்டுவிட்டேன். காரணம், தண்ணீர். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சாமான்கள்

ரேசர் மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய சாதாரணமானது போதும். திருகித் திருகி அளவு மாற்றுவதும், சீப்புப் பல் மாதிரி வாய் உள்ளதும் இப்போது வேண்டாம். வீட்டில் அப்பாவின் பழைய ரேசர் கிடந்தால் காசே செலவில்லை. கிங் கேம்ப் ஜில்லட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் இது. பிளேடின் அளவு பெரிதாக மாறவே இல்லை; ஐம்பது வருடப் பழைய ரேசரிலும் இன்றைக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு கச்சிதமாக உட்காரும். ஒரே எச்சரிக்கை: கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். நான் போக்கியிருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும்.

பிளேடு: கடையில் கிடைக்கும் செவன் ஓ கிளாக், டோபாஸ் எதுவானாலும் சரி. ஜப்பான் ஃபெதர் பிளேடை எல்லோரும் புகழ்வார்கள். அது ரொம்பக் கூர்மை, கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரஷ்: சிந்தெடிக் வாங்குங்கள். பன்றி முடி, பேட்ஜர் என்ற விலங்கின் முடி என்று விலை ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஊர்ப் பாத்ரூமில் எதுவும் காயாது. என் பன்றி முடி பிரஷ் ஒரு மழைக்காலத்தில் நனைந்த நாய் வாசனை அடித்தது.

சோப்புக் கட்டியை அப்புறம் பார்க்கலாம், முதல் இரண்டு மாதம் டியூபில் வரும் கிரீம். டப்பாவை அழுத்தினால் கொட்டும் நுரைக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

நுரை

முகத்தைக் கழுவி ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் நல்லது. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியே வெந்நீர் போட்டுத் தந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கடுத்த படியில்தான். எங்கள் ஃபிளாட் மேடவாக்கத்தில், முழுக்க போர் தண்ணீர். கிரீமைக் கிண்ணத்தில் போட்டுச் சுற்றுவேன். முதலில் நுரை மாதிரி ஏதோ வரும். கன்னத்தில் தடவி ரேசரைக் கையில் எடுப்பதற்குள் மோர் மாதிரி இளகி வழியும். கிரீமை இரண்டு மடங்கு போட்டேன். பிரஷை மாற்றினேன். கிரீமை மாற்றினேன். தாடையில் வெட்டு, கழுத்தெல்லாம் எரிச்சல். பரண்.

தீபாவளிக்கு மேற்கு மாம்பலத்தில் அப்பா வீட்டுக்குப் போனபோது அதே கிரீமும் பிரஷும் பையில் இருந்தன. அங்கே குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ தண்ணீர். கிண்ணத்தில் நுரை பொங்கி விளிம்பைத் தாண்டியது. அரை மணி நேரம் பாத்ரூமைவிட்டு வெளியே வரவில்லை நான்.

விஷயம் இதுதான். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத திரிதிரியான அழுக்காகிவிடும். பக்கெட்டின் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்குமே, அதேதான். நுரைக்குப் போகவேண்டிய சோப்பு அங்கே போய்விடுகிறது.

தீர்வு ரொம்பச் சின்னது: நுரை அடிக்க மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைப்பதும் அதில்தான். முகம் கழுவ, ரேசர் அலச குழாய்த் தண்ணீரே போதும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு பழைய பாட்டிலில் கால் பங்கு நிரப்பி, குளியல் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை நின்றால் கவலை இல்லை. கலங்கிப்போய்த் திரி மிதந்தால் நீங்களும் எங்கள் கட்சி.

இனி அடிக்கும் முறை. பாதாம் பருப்பு அளவு கிரீமைக் கிண்ணத்தில் போடுங்கள். நனைத்த பிரஷை மூன்று முறை உதறிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கிரைண்டரில் உளுந்து ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துத்தான் விடுவார்கள். இதுவும் அப்படியே. முதலில் பசை மாதிரி இறுகும். விரலால் நாலு சொட்டு. பெரிய பெரிய குமிழியாகத் தெரிந்தால் இன்னும் சுற்ற வேண்டும் என்று அர்த்தம். மறுபடி நாலு சொட்டு. குமிழியெல்லாம் மறைந்து, மேலே ஒரு மினுமினுப்பு ஏறி, பிரஷைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும். வடைக்கு ஆட்டிய மாவைவிட ஒரு பிடி தளர்வு. கை பழகும்வரை மூன்று நிமிடம் ஆகும். ஒரு நாள் ஷேவ் செய்யாமல் வெறும் நுரை மட்டும் அடித்துப் பாருங்கள், அடுத்த நாள் எல்லாம் சுலபம்.

இன்னொன்று: ஃபேனை நிறுத்துங்கள். அறையில் கண்ணாடி முன்னால் நின்று செய்பவர்களுக்குப் பாதி நுரை ஃபேன் காற்றிலேயே காய்ந்துபோகும்.

ரேசர்

முந்தின நாளே தாடியை விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வையுங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில் பலருக்கு அப்படி இருக்காது. எனக்கு இடது பக்கக் கழுத்தில் காதை நோக்கிப் போகிறது.

ரேசர் தலையைக் கன்னத்தில் படுக்கையாக வைத்தால் கைப்பிடி குத்திட்டு நிற்கும். அதை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே லேசாக நகர்த்துங்கள். பிளேடு முடியைத் தொடும் இடத்தில் மெல்லிய ‘சரக் சரக்’ கேட்கும். அதுதான் கோணம், கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 30 டிகிரி. கைப்பிடியின் நுனியை விரலால் மட்டும் பிடியுங்கள். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகிய கை சும்மா இருக்காது, அழுத்தினால் ரத்தம்தான்.

எங்கள் தெரு சலூன்காரர் பிளேடைக் காகித உறையோடு பாதியாக உடைத்துக் கத்தியில் சொருகுபவர். நான் முகத்தில் கோடு கோடாகப் போய் உட்கார்ந்ததும், “தம்பி, இடது கையால தோலை இழுத்துப் பிடிங்க. ரேசரை இழுக்காதீங்க, அதுவா போகட்டும்” என்றார். இரண்டே வாக்கியத்தில் பாடம் முடிந்தது.

சின்னச் சின்னதாக நகர்த்தி, முடி சாயும் திசையிலேயே ஒரு சுற்று. மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு சுற்று. எதிர்த்திசையில் முதல் மாதம் போகவே போகாதீர்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியை முகம் முழுக்க ஒரு தடவை தேய்த்து, சற்றுப் பொறுத்துக் கழுவுங்கள். சுருக்கென்ற இடத்திலெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் மலிவு. வாசனைத் தண்ணீர் பாட்டிலுக்குப் பணம் கொட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

பிளேடை டவலால் துடைக்காதீர்கள், அலசி உதறினால் போதும். நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு. பழையதைக் குப்பைக் கூடையில் அப்படியே போடாதீர்கள், குப்பை பிரிப்பவர் கையைக் கிழிக்கும். ஒரு தகர டப்பா மூடியில் கீறல் போட்டு அதற்குள் சேர்த்து வைத்து, நிறைந்ததும் டேப் ஒட்டித் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை

டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கால்சியத்தைத் தனியாகச் சொல்லாது. பாட்டில் சோதனையே மேல். கொதிக்க வைத்தாலும் கடினத்தில் ஒரு பகுதிதான் பாத்திரத்தின் அடியில் படியும், மீதி அப்படியே இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் நுரை அருமையாக வருகிறது என்று இன்னொருவர். வரும், ஆனால் அது ஏசிக்குள் தூசி படிந்த உலோகச் சுருளைக் கழுவிக்கொண்டு வருவது. வெட்டுப்பட்ட முகத்துக்கு வேண்டாம்.

விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், மீனம்பாக்கத்தில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

தினமும் செய்யலாமா என்று கேட்டவருக்கு: எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கூடாது, அம்மா உத்தரவு. கழுத்துக்கும் ஓய்வு கிடைப்பதால் நானும் வாதாடுவதில்லை. படிகாரத்தை முதல் தடவை பார்த்தபோது மட்டும், “திருஷ்டிக்கு வாசல்ல கட்டறதை மூஞ்சில தேய்க்கிறியேடா” என்றார். இப்போது இரண்டு கட்டியாக வாங்குகிறேன்.