விட்ட இடம் தெரியாத பின்னல்: நேரமில்லாதவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நான்கைந்து பெண்கள் உல்லன் பின்னக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஒருவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், ஒருவர் விடியற்காலையில் இட்லிக் கடை போடுபவர், இருவர் கைக்குழந்தைக்காரர்கள். பெரம்பூரில் நாங்கள் குடியிருந்த காலத்தில் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் நான் பின்னல் கற்றபோது என்னென்ன தவறுகளைச் செய்தேனோ, அவற்றையே இவர்களும் வரிசை தவறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கண்ணி நழுவுவது, நூல் சிக்குவது, ஓரம் சுருளுவது போன்றவை இரண்டு மாதத்தில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் கண்ணி என்றே சொல்கிறோம். காசிமேட்டு மீனவர்கள் வலையின் துளைக்குச் சொல்லும் அதே சொல்தான்.) வேலையும் வீடும் போக மிஞ்சும் நேரத்தில் பின்னுபவர்களின் உழைப்பை வீணாக்கும் தவறுகளை மட்டுமே சொல்கிறேன்.

முழுதாக ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது

அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, காலடிப்பேட்டையில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்குகிறேன். உட்கார இடம் கிடைத்தால் கைக்கு இருபது நிமிடம் கிடைக்கிறது. நிதானமாகப் பின்னும் கைக்கு நிமிடத்துக்கு இருபது கண்ணி வரும் என்று வைத்துக்கொண்டால், அறுபது கண்ணி கொண்ட ஒரு வரிசைக்கு மூன்று நிமிடம் ஆகும். ஊசியை எடுப்பதும் உள்ளே வைப்பதும் போக, ஒரு பயணத்தில் ஐந்து வரிசை முடியும். போக வர இரண்டு பயணம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஐம்பது வரிசை. 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும் நூலில், ஐந்து வயதுக் குழந்தையின் ஸ்வெட்டருக்கு 35 செ.மீ. முதுகுத் துண்டு பின்ன 98 வரிசை போதும். இரண்டே வாரத்தில் முதுகு முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கை நான் போட்டுக்காட்டியபோது இட்லிக் கடை அக்கா நம்பவில்லை. மாவு அரைபடும் நேரத்தில் அரைப்பான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் பின்னத் தொடங்கி இப்போது மூன்று மாதமாகிறது. பேரனுக்கு ஒரு தொப்பியும் இரண்டு ஜோடி காலுறையும் முடித்துவிட்டார்.

எண்ணிப் பின்ன வேண்டிய வேலையை ரயிலுக்கு எடுத்துச் செல்வது

ரயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வேலைகள் இருக்கட்டும், மூன்றாவது வேண்டாம். கண் பாராமலே கை போகும் நேரான பின்னல்தான் ரயிலுக்கு ஏற்றது. கயிற்று முறுக்கு, பூ வேலை, கழுத்து வளைவு ஆகியவற்றை வீடு அடங்கிய பிறகு எடுங்கள். கூட்டத்தில் நீண்ட ஊசிகளை விட, இரு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்த சுற்று ஊசியே நல்லது. முழங்கை பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்காது, ஒரு ஊசி கை நழுவி இருக்கைக்கு அடியில் உருண்டோடிவிடும் என்ற பயமும் இல்லை.

விட்ட இடத்தை எழுதாமல் மூடி வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்காத தவறு இது. இன்றைக்கும் இதைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், குன்னூரில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அரக்கு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. முதுகும் முன்பக்கமும் முடிந்து, ஜனவரியில் முதல் கையையும் முடித்தேன். மணிக்கட்டுப் பட்டைக்குப் பிறகு 40 கண்ணியில் தொடங்கி, ஆறு வரிசைக்கு ஒரு முறை இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டி, 60 கண்ணி வந்ததும் தோள் வளைவைத் தொடங்க வேண்டும். பத்து முறை கூட்டல், ஆக அறுபது வரிசை. இரண்டாவது கைக்குப் பட்டையை மட்டும் பின்னியிருந்த நிலையில் அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தது. தொடர்ந்து அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அவசரமாக ஒரு குழந்தைத் தொப்பி பின்னித் தரவேண்டி வந்தபோது, அந்தக் கையிலிருந்த ஊசியை உருவிக்கொண்டு கண்ணிகளை ஒரு நூலில் கோத்து வைத்தேன். ஊசி என்ன எண், எத்தனை வரிசைக்கு ஒரு முறை கூட்ட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நானே பின்னியது எனக்கு மறக்கவா போகிறது என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் திரும்ப எடுத்தபோது எட்டு வரிசைக்கு ஒரு முறை என்றே என் நினைவு உறுதியாகச் சொன்னது. முடிந்த துண்டுகள் பரண் மேல் பெட்டியில் இருந்தன. அவற்றை இறக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஊசியும் 9-ஆம் எண்ணுக்குப் பதிலாக 8-ஆம் எண். 8-ஆம் எண் கால் மில்லிமீட்டர்தான் கூடுதல் தடிமன். கையில் பிடித்தால் ஒன்றுபோலவே இருக்கும். மறுநாள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும் என்ற நிலையில், துண்டுகளைத் தைத்து இணைக்க உட்கார்ந்து இரண்டு கைகளையும் பாய் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். அறுபது வரிசையில் முடிய வேண்டிய இடத்தில் எண்பது வரிசை ஏறி, ஒரு கை மற்றொன்றை விட 7 செ.மீ.க்கு மேல் நீளமாகவும், தொட்டாலே தெரியும்படி தளர்வாகவும் கிடந்தது. பட்டை வரைக்கும் பிரித்துவிட்டு வெறுங்கையோடு குன்னூர் போனேன். அத்தை ஸ்வெட்டர் கொண்டு வருகிறாள் என்று அந்தக் குழந்தையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். நான் அதைப் பின்னி முடித்து அனுப்பியது அடுத்த ஆண்டுக் குளிருக்குத்தான். அதற்குள் மார்புப் பக்கம் இறுக்கமாகிவிட்டிருந்தது.

நேரம் நிறைய உள்ளவர் இன்று விட்டதை நாளை எடுப்பார், கை மறக்காது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முறை பின்ன உட்கார்வதற்கும் மறுமுறை உட்கார்வதற்கும் நடுவே மூன்று வாரமோ மூன்று மாதமோ போய்விடுகிறது. அதனால்தான் இந்தத் தவறு நேரமில்லாதவர்களையே குறிபார்த்துத் தாக்குகிறது. ஆனால் எழுதி வைக்கச் சொன்னால், "ஞாபகம் இருக்குக்கா, இதெல்லாம் இன்னாத்துக்கு எழுதணும்?" என்கிறார்கள். அப்படிச் சொன்ன பெண்ணே போன மாதம் தன் பின்னலில் பட்டாணி அளவு ஓட்டையோடு வந்து நின்றாள். குழந்தை அழுததும் வரிசையின் நடுவிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். நான்கு நாள் கழித்து எடுத்தபோது ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து, வந்த வழியே திரும்பிப் பின்னியிருக்கிறாள். அப்படித் திரும்பினால் துணியின் ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு வரிசை கூடிவிடும். திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்தக் கண்ணியில் தொங்குகிறதோ, அதுதான் கடைசியாகப் பின்னிய கண்ணி. அது இருக்கும் ஊசி வலது கையில் இருக்க வேண்டும். (இடக்கைப் பழக்கத்தில் பின்னுபவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.) இதை அறிந்திருந்தாலும், எழுந்திருப்பதற்கு முன் வரிசையை முடித்துவிடுவதே நல்லது, முடிக்க மூன்று நிமிடம் போதும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு பையிலும் பழைய நாட்காட்டித் தாளில் கிழித்த ஒரு துண்டு இருக்கும். மேலே ஊசியின் எண்ணும் மில்லிமீட்டர் அளவும்; கீழே எத்தனை வரிசைக்கு ஒரு முறை கூட்டல் அல்லது குறைத்தல், கடைசியாக முடித்த வரிசை, அடுத்து செய்ய வேண்டியது. ரயிலில் எழுத முடியாதபோது, கூட்டிய ஒவ்வொரு இடத்திலும் துணியிலேயே ஒரு சின்ன ஊக்கைக் குத்திவிடுகிறேன்; தாள் தொலைந்தாலும் ஊக்குகளை எண்ணிவிடலாம். வரிசைகளைத் துணியில் எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும் பின்னலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஒவ்வொரு அம்புக்குறியும் ஒரு வரிசை. இரு பக்கமும் மேடு தட்டும் பின்னலில் ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை.

மாதிரித் துண்டைத் தவிர்த்து நேரத்தை மிச்சப்படுத்துவது

பின்னத் தொடங்கும் முன் நம் கைக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கப் பின்னும் சிறு சதுரம்தான் மாதிரித் துண்டு. அதைத் தவிர்த்தால் மிச்சமாவது ஒரு மாலை. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று நம்பி 90 செ.மீ. சுற்றளவுக்கு 198 கண்ணி போட்டு, உங்கள் கைக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், கிடைப்பது 99 செ.மீ. அளவுள்ள சட்டை.

ஊசியின் எண்ணை மட்டும் பார்ப்பது

நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நம் 8-ஆம் எண் 4 மி.மீ.; அமெரிக்க 8-ஆம் எண் 5 மி.மீ. யூடியூபில் வெளிநாட்டவர் எட்டு என்று சொன்னால் கடைக்கு ஓடுவதற்கு முன் மில்லிமீட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நூலைத் தவணையில் வாங்குவது

வேண்டாம். சாய எண், அதாவது நூலுக்கு எந்தத் தடவையில் சாயம் ஏற்றினார்கள் என்று காட்டும் எண், மாறினால், அதே நிறம் அதே நிறமாக இருக்காது.

வெள்ளை நூலை எஃகு ஊசியில் மாதக்கணக்கில் விட்டு வைப்பது

எங்கள் பக்கம் கடல் காற்று. பூச்சு உரிந்த பழைய எஃகு ஊசி ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து, கண்ணிகளின் மேல் பழுப்புக் கோடு போட்டுவிடும். சோப்பு எதற்கும் அது போகாது. நீண்ட நாள் எடுக்க முடியாது என்று தெரிந்தால் கண்ணிகளை ஒரு பருத்தி நூலில் கோத்துவிட்டு ஊசியைத் துடைத்து உள்ளே வையுங்கள். ஊசியை உருவும் முன் அதன் எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள்.