வளரும் குழந்தைக்கு பேபி கேரியர் தேர்ந்தெடுப்பது எப்படி?

குழந்தையை உடம்போடு சேர்த்து மாட்டிச் சுமக்கும் பேபி கேரியர் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது மெத்தென்ற தோள்பட்டை, பாக்கெட்டுகள், தலைக்கு மேல் விரிகிற துணிக்குடை. அவற்றைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் தொடைக்கு அடியில் துணி எவ்வளவு தூரம் வருகிறது, குழந்தை வளர வளர அந்த அகலத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா, இந்த இரண்டுதான் முதல் கேள்விகள். எங்கள் மகளைக் கைக்குழந்தையிலிருந்து ஓடித் திரியும் வயது வரை கேரியரில் சுமந்து பழகியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

படி 1: எடை வரம்பைப் படியுங்கள்

நல்ல கேரியர் எல்லாவற்றிலும் குறைந்தபட்ச, அதிகபட்ச எடை அச்சிட்டிருக்கும். பட்டைகளைப் பக்கிளால் மாட்டும் பல பக்கிள் கேரியர்களில் குறைந்தபட்சம் 3.2 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பிறந்த குழந்தையின் நடுத்தர எடையே 3.2, 3.3 கிலோதான். அதனால் பிறந்த புதிதில் பல குழந்தைகள் அந்த வரம்புக்குக் கீழே இருக்கும். கொஞ்சம்தானே குறைகிறது என்று உட்கார வைக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைவான குழந்தை என்றால் எந்தக் கேரியராக இருந்தாலும் முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

அதே அட்டவணைப்படி 6 மாதத்தில் நடுத்தர எடை பெண் குழந்தைக்கு 7.3 கிலோ, ஆண் குழந்தைக்கு 7.9 கிலோ. ஒரு வயதில் 8.9, 9.6. அதாவது முதல் அரை வருடத்தில் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது, பிறகு வேகம் குறைகிறது. பிறந்தபோது கச்சிதமாக இருந்த கேரியர் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த முதல் அரை வருடத்தில்தான்.

20 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதுவரை வசதியாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துணியும் தையலும் தாங்கும் என்பதற்கான எண் அது. உட்காரும் இடத்தின் அகலம் அதற்கு வெகு முன்பே போதாமல் போய்விடும்.

படி 2: வகையை முடிவு செய்யுங்கள்

ராப் என்பது உடம்பைச் சுற்றிக் கட்டும் நீளமான துணி. இழுபடும் துணியில் வரும் ராப், பச்சிளங்குழந்தைக்கு அருமை. ஏழெட்டு கிலோவைத் தாண்டினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொய்ந்து இறங்கும். இதை வைத்து முதுகில் சுமக்கவே கூடாது. இழுபடாத, நெய்த ராப் எல்லா வயதுக்கும் ஒத்துவரும். ஆனால் நாலரை மீட்டர் துணியைத் தரையில் படாமல் கட்டப் பொறுமை வேண்டும். ரிங் ஸ்லிங், துணியை வளையத்தில் கோத்து ஒரு தோளில் மாட்டுவது. நடக்கத் தொடங்கி, இறங்கவும் ஏறவும் அடம்பிடிக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ள இதற்கு ஈடில்லை. நெடுநேரத்துக்கு ஒரு தோள் தாங்காது.

ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அகலத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய பக்கிள் கேரியரை வாங்குங்கள். இரண்டு பேர் மாறி மாறிச் சுமக்கும் வீட்டுக்கு இதுதான் சரிப்படும். 'பச்சிளங்குழந்தைக்குத் தனி இன்சர்ட் (உள்ளே வைக்கும் மெத்தை) சேர்த்தால் போதும்' என்று வருபவற்றைவிட, பட்டையை நகர்த்தி அடிப்பகுதியையே குறுக்கும் வடிவம் எனக்குப் பிடித்தது. இன்சர்ட் வெயில் காலத்தில் குழந்தையை வேகவைத்துவிடும். மலையேறுபவர்கள் முதுகில் மாட்டும் சட்டம் வைத்த கேரியரை, குழந்தை நன்றாக உட்காரத் தொடங்கும் வரை யோசிக்கவே வேண்டாம்.

படி 3: உட்காரும் இடத்தை அளந்து பாருங்கள்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் முழங்கால்கள் தானாக மேலே மடங்கி, தவளைக்கால் மாதிரி பக்கவாட்டில் விரியும். கேரியருக்குள்ளும் அதே நிலைதான் வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரத்தில், தொடை முழுக்கத் துணியின் மேல், முழங்காலுக்குக் கீழே கால் தளர்வாகத் தொங்கும்படி. முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில எம் எழுத்து மாதிரி தெரியும்.

இதற்குக் காரணம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழிவு, பிறந்த குழந்தைக்கு இன்னும் மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கிறது. காலை நேராக நீட்டி ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் அந்தத் தலை குழிவிலிருந்து விலகப் பார்க்கும். மடக்கி விரித்து வைத்தால் குழிவுக்குள் ஆழ்ந்து உட்காரும். சர்வதேச இடுப்பு டிஸ்ப்ளேசியா (இடுப்பு மூட்டு சரியாக வளராத கோளாறு) நிறுவனம் தொடையை முழங்கால் வரை தாங்கும் கேரியரைப் பரிந்துரைப்பது இதனால்தான். முதல் ஆறு மாதத்தில் இது மிக முக்கியம். பிரசவத்துக்கு முன் குழந்தை தலைமாறி (தலை மேலே, பிட்டம் கீழே) இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தாலோ மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுக் கேரியர் வாங்குங்கள்.

இப்போது தையல் டேப்பை எடுங்கள். குழந்தையின் காலை அந்தத் தவளை நிலையில் மடக்கி, ஒரு முழங்காலின் பின்மடிப்பிலிருந்து பிட்டத்துக்கு அடியாக அடுத்த முழங்காலின் பின்மடிப்பு வரை அளங்கள். கேரியரின் அடிப்பகுதி அந்த அளவுக்குக் குறுக வேண்டும், அங்கிருந்து நிறைய விரியவும் வேண்டும். அடிப்பகுதி பெரிதாக இருந்தால் முழங்கால் மடங்க இடமில்லாமல் கால் குச்சியாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொள்ளும். சிறிதாக இருந்தால் மொத்த எடையும் கவட்டில் இறங்கும், கால் தொங்கும். வாங்கும் இடத்தில் அளந்து பார்க்க விடாவிட்டால், பொருள் விவரத்தில் அகலம் சென்டிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சொல்லாத தயாரிப்பை நான் வாங்குவதில்லை.

படி 4: தையல், பக்கிள், லேபிள்

பட்டை துணியோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட தையல் இருக்க வேண்டும். வெறும் ஒற்றை வரி ஓடியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பக்கிளை மாட்டிக் கழற்றுங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும், ஒரு கையால் தவறுதலாகத் திறக்கக் கூடாது. இடுப்புப் பக்கிளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எலாஸ்டிக் வளையம் தெரியும். அது பட்டையைச் சுருட்டி வைப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். பக்கிள் திறந்துகொண்டால் பட்டை சட்டென்று நழுவாமல் பிடிப்பதற்காக வைத்தது அது. மாட்டுவதற்கு முன் பக்கிளை அதற்குள் நுழைக்க வேண்டும். ரிங் ஸ்லிங் என்றால் வளையத்தை விரலால் சுற்றித் தடவுங்கள், ஒட்டு எங்கும் தட்டுப்படக் கூடாது.

லேபிளில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி, எடை வரம்பு, எச்சரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். மென்துணிக் கேரியருக்கு அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்2236, ஸ்லிங்குக்கு எஃப்2907, ஐரோப்பியத் தரம் இஎன் 13209-2. பெயர் பெற்ற கேரியர்களுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், இந்த எண்களும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பழையது வாங்கினால் பட்டையை முழு பலத்தோடு இழுத்து நழுவுகிறதா என்று சோதியுங்கள், அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்றும் தேடிப் பாருங்கள்.

படி 5: சுமப்பவர் உடம்புக்குப் பொருந்துகிறதா?

குழந்தைக்குப் பொருந்தினால் பாதி வேலைதான் முடிந்தது. ஒல்லியாகவோ குள்ளமாகவோ இருப்பவர்கள் தோள்பட்டையை முழுக்க இறுக்கிய பிறகும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பருமனாக இருப்பவர்கள் இடுப்புப் பட்டையின் முழு நீளத்தைக் கேளுங்கள். முதுகில் குறுக்காகப் போகும் பட்டை குறுகிய தோளில் நழுவாது. நேராக இறங்கும் பட்டை மாட்டச் சுலபம், ஆனால் இரண்டையும் சேர்க்கும் பக்கிள் கழுத்துக்குக் கீழே, கைக்கு எட்டாத இடத்தில் வரும். கழுத்து வலி உள்ளவர்களுக்குக் குறுக்குப் பட்டைதான் என் சிபாரிசு.

படி 6: போட்டுப் பார்ப்பது

கேரியர் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கு இந்தப் படிதான் சரியாக வந்திருக்காது. எனக்கும் கை பழக நெடுநாள் ஆனது இங்கேதான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் நின்று பழகுங்கள்.

முதலில் இடுப்புப் பட்டை. சின்னக் குழந்தைக்கு அதைத் தொப்புளுக்குப் பக்கத்தில், கிடைமட்டமாக, இறுக்கமாகப் போடுங்கள். இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கினால் குழந்தையும் இறங்கிவிடும், பாரம் முழுக்கத் தோளுக்குப் போகும். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, ஒரு கை எப்போதும் அதன் முதுகில் இருக்க, துணியைத் தூக்கித் தோள்பட்டையை மாட்டுங்கள்.

உடனே பட்டையை இழுத்து இறுக்கத்தான் கை போகும். நில்லுங்கள். இரண்டு கையையும் குழந்தையின் தொடைக்கு அடியில் கொடுத்து, முழங்காலின் பின்மடிப்பைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். தூக்கும்போதே அதன் இடுப்பை உங்கள் வயிற்றுப் பக்கமாகச் சுருட்டிவிடுங்கள். பிட்டம் துணியின் ஆழத்துக்கு இறங்கி, முழங்கால் மேலே ஏறி, கீழ்முதுகு லேசாக வளையும். நேராக விறைத்து நின்ற குழந்தை ஒரு மூச்சு விட்டு உங்கள் மேல் சாய்வது கைக்குத் தெரியும். இப்போது பட்டையில் தொய்வு வந்திருக்கும். அதை அக்குளுக்குக் கீழே உள்ள வாரால் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி. பிறகு இன்னொரு முறை முழங்காலைத் தூக்கிச் சுருட்டி, மிச்சத்தையும் இறுக்குங்கள். வரிசை முக்கியம். இறுக்கிவிட்டுச் சுருட்டினால் சுருட்டவே வராது. சுருட்டாமல் இறுக்கினால் குழந்தை இடுப்புப் பட்டையின் விளிம்பிலேயே உட்கார்ந்து நெளியும்.

சோதிக்க ஒரு வழி: குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். முதுகு நிமிர்ந்து உங்கள் பக்கம் நெருங்கி வந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது.

குழந்தைக்கு மூச்சு முட்டுமோ என்று பயந்து தளர்வாக விடுவதுதான் ஆபத்து. தளர்ந்த துணிக்குள் பச்சிளங்குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். அது சத்தம் போடாமலே நடக்கும். 2010இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்லிங்கில் கூடுதல் கவனம் தேவை என்று எச்சரித்தது இதனால்தான். ஒவ்வொரு முறையும் பாருங்கள்: இறுக்கமாக இருக்கிறதா, குனிந்தால் முகம் தெரிகிறதா, தலையில் முத்தமிட முடிகிறதா, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைகிறதா, முதுகு தாங்கப்பட்டிருக்கிறதா. பிரிட்டனில் டிக்ஸ் என்ற பெயரில் பரவிய பட்டியல் இது. மனப்பாடம் ஆகும் வரை கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

வளர வளர என்ன மாற்றுவது?

கழுத்து நிற்காத வரை துணியின் மேல்விளிம்பு காதுக்குப் பக்கம் வரை தாங்க வேண்டும். முகத்தை மூடக் கூடாது. கழுத்து நின்றதும் அக்குள் உயரம் போதும். துணி தொடையின் பாதியோடு நின்றுவிட்டால் அகலத்தைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. கடைசி அளவிலும் பாதிதான் வருகிறது என்றால் அடுத்த கேரியர். யாராவது உதவிக்கு இருக்கும்போது, குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு முதுகில் சுமக்கப் பழகலாம். முன்னோக்கி உட்கார வைப்பதைக் கழுத்து உறுதியாகும் வரை, சுமார் ஐந்தாறு மாதம் வரை, தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்தான். தூக்கம் வந்தால் உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். குழந்தையை மாட்டிக்கொண்டு அடுப்பருகே நிற்பதும் வண்டி ஓட்டுவதும் எந்த வயதிலும் கூடாது. கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

உள்ளே வைத்ததும் குழந்தை காலை உதைத்து விறைக்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். பாதம் மூடிய உடுப்பு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். முழங்கால் மடங்கும்போது துணி இழுபட்டு விரல்களை அழுத்தும், அழுத்தம் பட்டதும் குழந்தை எழும்பி நிற்கப் பார்க்கும். பாதம் இல்லாத, ஓர் அளவு பெரிய உடுப்பைப் போட்டுப் பாருங்கள். பாதத்தைக் கேரியருக்குள் மடக்கி வைப்பதும் இதே தொல்லையைத் தரும்.

சிசேரியன் ஆனவர்கள் பட்டை காயத்தில் உரசுகிறது என்றார்கள். மருத்துவர் சுமக்கலாம் என்று சொன்ன பிறகும் பட்டையைக் காயத்துக்கு மேலே, விலாவுக்குக் கீழே போடுங்கள். உறுத்தினால் இடுப்புப் பட்டையே இல்லாத ராப்புக்கு மாறுங்கள்.

தொடையில் லேசாகச் சிவந்த கோடு தெரிவது சாக்ஸ் தடம் போலக் கொஞ்ச நேரத்தில் மறையும். பாதம் நீலம் பாரித்தாலோ சில்லிட்டாலோ உடனே எடுத்துவிட்டு அகலத்தைச் சரிபாருங்கள். வெயில் காலத்தில் கேரியரையும் ஓர் அடுக்கு உடுப்பாகக் கணக்கில் எடுங்கள். பிடரியில் கை வைத்தால் குழந்தைக்கு வேர்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

துவைப்பது பற்றி: லேபிளில் உள்ளபடி, பக்கிள்களை மாட்டிய நிலையில், மென்சுழற்சியில் போட்டு நிழலில் காயவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். எலாஸ்டிக் சீக்கிரம் தளரும். பல் முளைக்கும் குழந்தை சப்பி ஈரமாக்குவது தோள்பட்டையின் ஓரத்தைத்தான். அந்த இடத்துக்கு மட்டும் கழற்றி மாட்டும் பருத்தி உறை இரண்டு வாங்கி வைத்தால் முழுக் கேரியரையும் அடிக்கடி நனைக்க வேண்டியிருக்காது.