கோர்ட்வெக்–டி விரீஸ் சமன்பாட்டின் பல்லுறுப்புக்கோவைகளைக் கையாலேயே கண்டுபிடிக்க

தொகையிடத்தக்க அமைப்புகளை, அதாவது தீர்வைச் சூத்திரமாகவே எழுத முடிகிற சமன்பாடுகளை, படிக்க வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது சாலிட்டான் (உருக்குலையாமல் ஓடும் தனி அலை) அல்ல, இந்தக் கணக்குதான். வகையிடத் தெரிந்தால் போதும். கணினியைத் திறக்காமல் பென்சிலோடு உட்காருங்கள்.

இடம் ய, காலம் ட, அலையின் உயரம் உ. ஆழமற்ற நீரில் ஓடும் அலைக்காக கோர்ட்வெக்கும் டி விரீஸும் 1895இல் தந்த சமன்பாட்டை இன்று இப்படி எழுதலாம்:

உ′ + 6உஉ₁ + உ₃ = 0

கீழே உள்ள எண், ய-வைப் பொறுத்து எத்தனை முறை வகையிட்டோம் என்பது. மேற்கோடு ட-வைப் பொறுத்த வகைக்கெழு. இனி ஹிரோட்டா 1971இல் திறந்துவிட்ட வழி: ப என்ற புதிய சார்பை எடுத்து, உ = 2(மடக்கை ப)₂ என்று போட்டு, ஒருமுறை தொகையிட்டு, மாறிலியை 0 ஆக்குங்கள்.

பப₁′ − ப₁ப′ + பப₄ − 4ப₁ப₃ + 3(ப₂)² = 0

இதை நிறைவு செய்யும் பல்லுறுப்புக்கோவை ப-வைத் தேடுவதுதான் நம் வேலை. அடுத்து எடை. ய-வுக்கு 1, ட-வுக்கு 3; பெருக்கும்போது எடைகளைக் கூட்டுங்கள். ப-வின் எல்லா உறுப்புகளும் ஒரே எடையில் இருக்கட்டும். எடை 1இல் ப = ய. எடை 3இல் ய³ + அட; பிரதியிட்டால் (36 − 3அ)ய² = 0, ஆகவே அ = 12.

எடை 6இல்தான் எனக்கு இன்றும் வியப்பு. ய⁶ + அய³ட + ஆட² என்று எடுங்கள். தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளோ மூன்று. ய⁸-இன் கெழு 180 − 3அ; அ = 60. ய⁵ட-வின் கெழு −144அ − 12ஆ; ஆ = −720. மிச்சம் ய²ட²-இன் கெழு: 360ஆ − 3அஆ + 36அ². −259200 + 129600 + 129600. பூச்சியம்! இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். எந்த எடைக்கும் இப்படி நடக்காது. எடை 4இல் ய⁴ + அயட எடுத்தால் ஓர் உறுப்பு அ = 24 என்கிறது, இன்னொன்று அ = 0 என்கிறது. 1, 3, 6, 10, … என்ற முக்கோண எண்களுக்கு மட்டுமே வழி உண்டு.

மேலே ஏற ஏற நேரடிப் பிரதியிடல் அலுத்துவிடும். அதற்கு ஆட்லரும் மோசரும் 1978இல் எழுதிய ஏணி இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று கோவைகளை மு, ந, பி என்றால்,

பி₁மு − பிமு₁ = (3, 5, 7, …) ந²

மு = 1, ந = ய, கெழு 3 என்று தொடங்குங்கள்: பி = ய³ + மாறிலி; ய-வைப் பொறுத்து மட்டுமே மாறிலியான அது, மேலே கண்ட 12ட. அடுத்த படியில் மு = ய, கெழு 5. இருபுறமும் ய²-ஆல் வகுத்துத் தொகையிடுங்கள். ய⁻¹ உறுப்பு வராததால் மடக்கை தலைகாட்டாது. மேலே கண்ட அதே ய⁶ + 60ய³ட − 720ட² கிடைக்கும். தொகையிடல் மாறிலி ட-வும் இல்லாத வெறும் எண்ணாக இருந்தால், அதனால் வரும் ய-வின் மடங்கைச் சேர்த்தாலும் தீர்வு கெடாது.

இவற்றை நீரலை என்று எண்ணி வரைய வேண்டாம். ப எங்கே பூச்சியமாகிறதோ அங்கே உ வரம்பின்றிப் போகும்.

எடை 10ஐ நீங்களே செய்யுங்கள்: மு = ய³ + 12ட, கெழு 7. விடை ய¹⁰ + 180ய⁷ட + 302400யட³. இடையில் ய⁴ட² இல்லையே என்று திருத்தப் போகாதீர்கள். அதன் கெழு உண்மையிலேயே 0.