பழைய சொகுசு கார் வாங்கும் முன்: அமீரகத்துக்குப் புதிதாக வந்த நம்ம கடற்கரைக்காரர்களுக்கு

லைசென்ஸ் கையில் கிடைத்ததும் அடுத்த ஆசை கார்தான். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதில் வித்தியாசம் கிடையாது. ஊரில் ஒரு புது ஸ்விஃப்ட் வாங்கும் காசுக்கு துபாயிலும் ஷார்ஜாவிலும் பழைய பென்ஸோ பிஎம்டபிள்யூவோ கிடைக்கிறது என்று தெரிந்ததும் மனசு அலைபாயும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு போட்டோ எப்படி எடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருப்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் அந்த வண்டி விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வண்டியின் விலை இறங்கும், அதன் உதிரிபாக விலை இறங்காது. இந்த ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. புதிதில் நான்கு லட்சம் திர்ஹாமுக்கு விற்ற ஒரு வண்டி இன்று அறுபதாயிரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஏர் சஸ்பென்ஷன் போனால், கியர்பாக்ஸ் இழுத்தால், ஒரு ஹெட்லைட் உடைந்தால், நான்கு லட்சம் திர்ஹாம் வண்டிக்கு என்ன விலையோ அதைத்தான் ஏஜென்சியில் (கம்பெனி ஷோரூமில்) கேட்பார்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் செகண்ட் ஹேண்ட் சாமான் கிடைக்கும்தான். ஆனால் அதற்கு கேரண்டி கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே விற்பவர் சொல்லும் தொகையை மட்டும் விலை என்று நினைக்காதீர்கள். அதோடு வண்டியை ஒழுங்குக்குக் கொண்டுவரும் செலவையும் முதல் வருட இன்ஷூரன்ஸையும் கூட்டுங்கள். வருவதுதான் உண்மையான விலை. வயதான சொகுசு வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் தரப் பல கம்பெனிகள் தயங்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சேசிஸ் நம்பரைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள்.

லேண்ட் க்ரூஸர், லெக்சஸ் இரண்டும் பழசானாலும் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. வாங்கும்போது கடுப்பாகத்தான் இருக்கும். விற்கும்போது அந்தக் காசு திரும்பி வரும். பென்ஸ் எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ரேஞ்ச் ரோவர் அப்படியல்ல. மலிவாகக் கைக்கு வரும், அதைவிட மலிவாகக் கையைவிட்டுப் போகும்.

விளம்பரத்தில் ‘ஜிசிசி ஸ்பெக்’, ‘அமெரிக்கன் ஸ்பெக்’ என்று போட்டிருப்பார்கள். ஜிசிசி என்றால் வளைகுடா நாடுகளுக்கென்று, இந்த ஊர் வெயிலுக்காக ரேடியேட்டரும் ஏசியும் பலமாக வைத்து வந்த வண்டி. அமெரிக்கன் என்றால் அங்கே ஓடியது. அங்கே இருந்து வருவதில் எத்தனையோ வண்டிகள் விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, இன்ஷூரன்ஸ்காரன் கைகழுவி, ஏலத்தில் போனவை. 17 இலக்க சேசிஸ் நம்பரை இணையத்தில் தேடினால் பல நேரம் ஏலத்தின்போது எடுத்த போட்டோவே வந்து நிற்கும். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த அதே வண்டிதான் உங்கள் முன்னால் பளபளவென்று நிற்கிறது என்று அப்போது தெரியும். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இருக்கும் நம்பர், கதவுத் தூணில் இருக்கும் நம்பர், முல்கியாவில் (வண்டிப் பதிவு அட்டையில்) இருக்கும் நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி பெய்த மழையில் அல் ஐன் பக்கம் ஒரு நாளைக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. துபாய், ஷார்ஜா ரோடுகளில் கார்கள் மிதந்தன. அதில் எத்தனையோ வண்டிகள் காய்ந்து, சென்ட் அடித்து, மறுபடியும் சந்தைக்கு வந்தன.

பெரியபட்டினத்துத் தம்பி ஒருவனுக்காக ஷார்ஜாவில் ஒரு ஜெர்மன் எஸ்யூவி பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் ஊது அத்தர் வாசனை தூக்கியது. டிரைவர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே இருந்த பகுதி கறுப்பாக, புதுசு போல இருந்தது. ரீலுக்குள் சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழம் மட்டும் காவி நிறம். அந்த இடத்தில் நேர்க்கோடு போட்டதுபோல் ஒரு கறை. விற்பவர், “அது தூசி பாய்” என்றார். தூசி கோடு போட்டு உட்காராது. சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்து போல்ட்டைப் பார்த்தேன். துரு. “காக்கா (அண்ணே), குறைச்சுக் கேட்டுப் பார்ப்போமா?” என்றான் தம்பி. வேண்டாம் என்று கூட்டிவந்துவிட்டேன். தண்ணீர் ஏறிய வண்டிக்குக் குறைத்துக் கேட்க விலையே கிடையாது. இன்று ஓடும். வயரிங்கில் பச்சை பூத்தபிறகு டாஷ்போர்டில் ஒவ்வொரு வார்னிங் லைட்டாக எரிய ஆரம்பிக்கும், எந்த மெக்கானிக்காலும் அடியைப் பிடிக்க முடியாது.

துரு பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாம்பன் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. அந்தக் கண்ணை இங்கேயும் பயன்படுத்துங்கள். வண்டிக்கு வெளியே, அடியில் இருக்கும் போல்ட்டில் லேசாகத் துரு இருந்தால் அது கடற்கரையில் நிறுத்தியதால் வந்திருக்கலாம், பயமில்லை. அடிப்பாகம் முழுக்கச் செதில் செதிலாக உரிந்தால், பனிக்கு உப்புக் கொட்டும் அமெரிக்க ரோட்டில் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. காருக்கு உள்ளே, சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னி குழியில் துரு இருந்தால் உப்புக்காற்றைக் காரணம் சொல்ல முடியாது. ஊரில் மீன்பிடி வல்லம் வாங்கப் போனால் பெயிண்டையா பார்ப்போம், அடிப்பலகையைத்தானே தட்டிப் பார்ப்போம்.

பெயிண்ட் கனம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று அதிக விலை இல்லாமல் கிடைக்கும். கம்பெனி பெயிண்ட் சுமாராக 80 முதல் 160 மைக்ரானுக்குள் இருக்கும். 300 காட்டினால் திரும்ப அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி, அதாவது நசுங்கலை மறைக்கும் பூச்சு. ஒரு கதவில் மட்டும் திரும்ப அடித்திருந்தால் பரவாயில்லை, இந்த ஊர் பார்க்கிங்கில் யாராவது இடித்திருப்பார்கள். கூரையிலும் தூண்களிலும் எண் ஏறினால் வண்டி புரண்டிருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள். 2012-க்குப் பிறகு வந்த பெரிய ரேஞ்ச் ரோவர் அலுமினியம் பாடி. இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அதில் வேலை செய்யாது.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினின் முதல் சத்தத்திலும் முதல் புகையிலும்தான் குறை வெளியே வரும். பிஎம்டபிள்யூவின் 4.4 லிட்டர் வி8 இன்ஜின், என்63 என்பார்கள், 2008-இல் வந்தது. டர்போ இரண்டும் இன்ஜின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் வால்வு சீல் காய்ந்து ஆயில் குடிப்பது அதன் பழைய மாடல்களில் பேர்போன குறை. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். உச்சி வெயிலில் இன்னொரு முறை போய், வண்டியை நிற்க வைத்தே ஏசியைப் போட்டுப் பார்ப்பதும் நல்லது.

மீட்டரைத் திருப்புவது இங்கே புதிதல்ல. டாஷ்போர்டு எண்ணை விடுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் ஓடிய தூரம் வேறு கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் பதிந்திருக்கும், ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ்காரர் எடுத்துக் காட்டுவார். ஏஜென்சியில் சர்வீஸ் விவரம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டில் கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். நாலும் பழசென்றால் அந்தச் செலவும் உங்களுடையது.

பாஸிங், அதாவது பதிவுக்கான வண்டிச் சோதனை, ஆகிவிட்டது என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அந்தச் சோதனை ரோட்டில் ஓடத் தகுதியா என்றுதான் பார்க்கும். ஆயில் குடிக்கிறதா, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. காசு கொடுத்துத் தனியாக ஒரு முழு இன்ஸ்பெக்‌ஷன் செய்யுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். “லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு” என்று கெஞ்சுவதைவிட, இன்ன பாகம் மாற்ற இவ்வளவு ஆகும் என்று வரி வரியாகக் கழித்துக் காட்டினால் எதிராளி இறங்குவார்.

முல்கியாவில் பேங்க் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், அது தீராமல் பெயர் மாறாது. ஃபைன் பாக்கி இருந்தாலும் அதே கதைதான். ஆகவே முழுப் பணத்தை டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் வைத்தே கொடுங்கள். ஊர்க்காரர், தெரிந்த மச்சான் என்று முன்கூட்டியே நீட்ட வேண்டாம். இரண்டாவது சாவியையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது கப்பலில் ஏற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுபோக அது மூன்று வருடத்துக்குள் தயாரித்ததாக, வலப்பக்க ஸ்டியரிங்காக இருக்க வேண்டும். இங்கே ஓடுவதெல்லாம் இடப்பக்கம். அதனால் இங்கேயே நல்ல விலைக்குத் திரும்ப விற்க முடிகிற வண்டியாகப் பாருங்கள்.